அமெரிக்கன் ஃபுட்பால்: முதல் ஆட்டத்தைப் புரிந்து பார்க்க ஒரு வழிகாட்டி

செப்டம்பர் பிறந்துவிட்டால் அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமை மதியம் பாதி வீடுகளில் இந்த ஆட்டம்தான் ஓடும். படிக்கவோ வேலைக்கோ புதிதாக வந்த நம்மவர்கள் பலர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இருபத்திரண்டு பேர் எதிரெதிரே குனிந்து நிற்கிறார்கள், மோதுகிறார்கள், ஐந்தாறு விநாடியில் விசில் அடிக்கிறது, அப்புறம் அரை நிமிடத்துக்கு ஒன்றும் நடப்பதில்லை. யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்றே பிடிபடாது.

ஆனால் ஒரே ஒரு கணக்கு புரிந்தால் போதும், மீதி எல்லாம் அதிலிருந்து தானாக வரும். அந்தக் கணக்கு திரையின் ஓரத்தில் எப்போதும் எழுதியே இருக்கிறது. எனவே விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். இங்கே சொல்லும் வரிசையில் ஒவ்வொன்றாகக் கவனித்துப் பாருங்கள். நான் சொல்வது என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகின் விதிகள். கல்லூரி ஆட்டத்தில் மாறும் ஒன்றிரண்டைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் மைதானம்

ஒரு கோல் கோட்டிலிருந்து மறு கோல் கோடு வரை 100 யார்டு. ஒரு யார்டு என்பது ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு முனைகளிலும் வண்ணம் பூசிய 10 யார்டு பகுதி இருக்கும், அதுதான் எண்ட் ஸோன். அதன் பின்கோட்டில் மஞ்சள் நிற கோல் கம்பம் நிற்கும். அகலம் 53 யார்டும் ஓர் அடியும்.

தரையில் எழுதியிருக்கும் எண்கள் 10, 20 என்று ஏறி நடுவில் 50 ஆகும், அப்புறம் 40, 30 என்று இறங்கும். அதனால் '25 யார்டு கோடு' என்றால் மைதானத்தில் இரண்டு உண்டு. நம் பக்கத்து 25இல் இருந்தால் இன்னும் 75 யார்டு போக வேண்டும். எதிரணியின் 25 என்றால் 25 யார்டுதான் பாக்கி. வர்ணனையாளர் எந்தப் பக்கத்தைச் சொல்கிறார் என்பதில் காது வையுங்கள்.

நான்கு முயற்சி, பத்து யார்டு

பந்து கையில் இருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் தரப்படும். ஒவ்வொரு முயற்சியும் ஒரு டவுன். நான்குக்குள் 10 யார்டு முன்னேறிவிட்டால் கணக்கு அழிந்து புதிதாக நான்கு கிடைக்கும். முன்னேற முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். கிரிக்கெட்டின் கடைசி ஓவரில் 'நாலு பந்தில் பத்து ரன்' என்று மனசுக்குள் கணக்குப் போடுவோமே, அந்தக் கணக்குத்தான் இங்கே ஆட்டம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது.

திரையில் '3' என்ற வரிசை எண்ணும் பக்கத்தில் '7' என்றும் இருந்தால், இது மூன்றாவது டவுன், இன்னும் 7 யார்டு வேண்டும் என்று பொருள். புல்வெளியின் குறுக்கே தெரியும் மஞ்சள் கோடுதான் எட்டவேண்டிய இடம். இது கணினி வரையும் கோடு. 1998இல்தான் முதன்முதலில் தொலைக்காட்சியில் வந்தது. மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தால் இந்தக் கோடு தெரியாது. அங்கே ஓரத்தில் இரண்டு கம்புகளுக்கு நடுவே 10 யார்டு நீளச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு சிலர் நிற்பார்கள், அவர்களைப் பார்க்க வேண்டும்.

ஓர் உதாரணத்தை மெதுவாகப் பார்ப்போம். ஓர் அணி தன் பக்கத்து 25இல் தொடங்குகிறது. முதல் டவுனில் ஒருவர் பந்தோடு ஓடி 3 யார்டு போகிறார். இப்போது 28இல் இருக்கிறார்கள்: இரண்டாவது டவுன், 7 யார்டு பாக்கி. அடுத்து எறிந்த பந்தை யாரும் பிடிக்கவில்லை, தரையில் விழுந்துவிட்டது. தரையில் விழுந்த பாஸுக்கு எதுவும் கிடைக்காது, இழப்பும் கிடையாது. அதே 28இல் மூன்றாவது டவுன், 7. இந்த முறை பாஸ் பிடிபட்டு 9 யார்டு கிடைக்கிறது. பந்து 37க்கு வந்தாயிற்று, 35இல் இருந்த மஞ்சள் கோட்டைத் தாண்டியாயிற்று. மறுபடி முதல் டவுன், 10 யார்டு. இதற்குத்தான் கூட்டம் கத்துகிறது.

அடுத்த சுற்றில் பந்தை எறிய வேண்டியவரை, அவர் எறியும் முன்பே எதிரணி மடக்கி வீழ்த்தி 6 யார்டு பின்னுக்குத் தள்ளிவிட்டது என்று வையுங்கள். இதன் பெயர் சாக். 31இல் இரண்டாவது டவுன், ஆனால் இப்போது தேவை 16. ஓடி 4 யார்டு எடுத்தால் மூன்றாவது டவுன், 12. பாஸ் தவறினால் நான்காவது டவுன், அதே 12. இங்கே ஓர் அணி என்ன செய்யும் என்பதில்தான் இந்த ஆட்டத்தின் மூளை இருக்கிறது.

நான்காவது டவுனில் மூன்று வழி

ஒன்று, பண்ட். பந்தைக் கையிலிருந்து விட்டு, தரையைத் தொடும் முன் தூர உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிடுவது. சும்மா எதற்குப் பந்தைக் கொடுக்கிறார்கள் என்று தோன்றும். நம் 35இலேயே முயன்று தோற்றால் எதிரணி அந்த இடத்திலிருந்தே தொடங்கும், கோலுக்கு 35 யார்டுதான். 45 யார்டு தள்ளி உதைத்துவிட்டால் அவர்கள் 80 யார்டு நடக்க வேண்டும். அந்தத் தூரத்தைத்தான் விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

இரண்டு, ஃபீல்டு கோல். எதிரணியின் கோல் பக்கம் வந்துவிட்டால் பந்தைத் தரையில் பிடித்துக்கொள்ளச் சொல்லி, இரண்டு கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கம்பிக்கு மேலே உதைப்பது. போனால் 3 புள்ளி. எவ்வளவு தூரம் என்பதை நீங்களே சொல்லிவிடலாம்: பந்து இருக்கும் கோட்டின் எண்ணோடு 17ஐக் கூட்டுங்கள். எண்ட் ஸோனின் 10 யார்டு, உதைப்பதற்காகப் பந்தைப் பின்னால் தள்ளி வைக்கும் சுமார் 7 யார்டு, இரண்டும் சேர்ந்ததுதான் அந்த 17. எதிரணியின் 30இல் நின்றால் 47 யார்டு உதை. 50க்கு மேல் போனால் மனம் படபடக்க வேண்டிய உதை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று, துணிந்து நான்காவதையும் ஆடிப் பார்ப்பது. ஒரு யார்டுதான் பாக்கி என்றால் பெரும்பாலும் இதைச் செய்வார்கள். பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணி, பந்தை முதலில் வாங்கும் குவாட்டர்பேக்கைப் பின்னாலிருந்து மொத்தமாக முட்டித் தள்ளி அந்த ஒரு யார்டை எடுப்பதை ஒரு கலையாகவே ஆக்கிவிட்டது.

இந்த டவுன் விதி ஏன் வந்தது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1881இல் யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அணிகள் மோதிய ஆட்டத்தில் ஆளுக்கொரு பாதி பந்தைத் தங்களிடமே வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தினார்கள். யாருக்கும் புள்ளி இல்லை. மறு ஆண்டே, மூன்று முயற்சியில் 5 யார்டு போகாவிட்டால் பந்தைக் கொடு என்ற விதி வந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர் யேலின் வால்டர் கேம்ப். நான்கு முயற்சி, பத்து யார்டு என்ற இன்றைய வடிவம் 1912இல் நிலைத்தது.

புள்ளிகள்

எதிரணியின் எண்ட் ஸோனுக்குள் பந்தோடு போனாலோ, அங்கே பாஸைப் பிடித்தாலோ டச் டவுன், 6 புள்ளி. பந்தைத் தரையில் வைக்க வேண்டியதில்லை. பந்தின் நுனி கோல் கோட்டுக்கு மேலே வந்தாலே போதும். அதனால்தான் வீரர்கள் பந்தை நீட்டிக்கொண்டு பாய்வதைப் பார்ப்பீர்கள். அதன்பின் ஒரு கூடுதல் வாய்ப்பு: உதைத்தால் 1 புள்ளி, 2 யார்டு தூரத்திலிருந்து மறுபடி உள்ளே நுழைந்தால் 2 புள்ளி. 2015இலிருந்து அந்த ஒரு புள்ளி உதையை 33 யார்டு தூரத்துக்குத் தள்ளிவிட்டார்கள், அதனால் அதுவும் இப்போது நிச்சயமில்லை.

பந்து வைத்திருப்பவரை அவருடைய சொந்த எண்ட் ஸோனிலேயே வீழ்த்தினால் சேஃப்டி. வீழ்த்திய அணிக்கு 2 புள்ளி, அதோடு அடுத்துப் பந்தும் அவர்களுக்கே வரும். அபூர்வமாக நடப்பது, ஆனால் இதன் பயம் பல முடிவுகளை மாற்றிவிடும். கடைசியில் வரும் உதாரணத்தில் பாருங்கள்.

யார் யார் நிற்கிறார்கள்

களத்தில் ஒரு பக்கம் 11 பேர். ஆனால் அணியில் 53 பேர் இருப்பார்கள், ஆட்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். அதனால் பந்தோடு ஆட ஒரு குழு, தடுக்க ஒரு குழு, உதைக்கும் வேளைக்கு ஒரு குழு என்று மூன்றாகப் பிரிந்துவிட்டார்கள். பந்து கைமாறியதும் இரண்டு பக்கமும் பதினொருவரும் வெளியேறுவது இதனால்தான்.

பந்தோடு ஆடும் குழு ஆஃபென்ஸ். எல்லாரும் குவாட்டர்பேக்கைப் பார்ப்பார்கள், நீங்களும் பார்ப்பீர்கள். பந்து முதலில் அவரிடம்தான் வரும். எறிவதா, பக்கத்தில் ஓடுபவரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்பதை இரண்டு மூன்று விநாடியில் முடிவு செய்ய வேண்டும். அவருடைய ஹெல்மெட்டின் பின்பக்கம் ஒரு பச்சைப் புள்ளி இருக்கும், பாருங்கள். உள்ளே சின்ன ஸ்பீக்கர் இருக்கிறது என்பதற்கு அடையாளம் அது. பயிற்சியாளர் அதன் வழியாக அடுத்த திட்டத்தைச் சொல்வார். அடுத்த முயற்சியைத் தொடங்குவதற்கான தனிக் கடிகாரத்தில் 15 விநாடி மிச்சம் இருக்கும்போது தொடர்பு துண்டிக்கப்படும். அதற்குமேல் அவர் தலை, அவர் முடிவு.

ஆனால் என் கருத்தில் புதியவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அவருக்கு முன்னால் குனிந்து நிற்கும் ஐந்து பேரை. இவர்கள்தான் ஆஃபென்ஸிவ் லைன். பெரும்பாலும் 300 பவுண்டுக்கு மேல், அதாவது 136 கிலோவுக்கு மேல் எடை. நடுவில் சென்டர், பந்தைக் கால்களுக்கு நடுவே பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குபவர். இந்தக் கொடுத்தலின் பெயர் ஸ்னாப். அவருக்கு இருபுறமும் கார்டு, கார்டுகளுக்கு வெளியே டாக்கிள். 50இலிருந்து 79 வரை எண் போட்டிருப்பார்கள். வழக்கமான ஆட்டத்தில் இந்த ஐவரும் பாஸ் பிடிக்கக் கூடாது. இவர்கள் வேலை எதிரே வருபவர்களை மறித்து நிற்பது மட்டுமே. புள்ளிப் பட்டியலில் இவர்கள் பெயர் வராது. ஆனால் இவர்கள் அரை விநாடி கூடுதலாகத் தாக்குப்பிடித்தால் குவாட்டர்பேக் மேதையாகத் தெரிவார். இவர்கள் சரிந்தால் எப்பேர்ப்பட்டவரும் தடுமாறுவார்.

வலது கையால் எறியும் குவாட்டர்பேக் எறியத் தயாராகும்போது அவர் முதுகு இடப்பக்கம் திரும்பியிருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து வருபவரை அவர் பார்க்க முடியாது. 1985 நவம்பரில் வாஷிங்டன் அணியின் ஜோ தைஸ்மனை நியூயார்க் ஜயன்ட்ஸின் லாரன்ஸ் டெய்லர் சாய்த்தபோது தைஸ்மனின் கால் முறிந்தது. அவர் அதன்பின் ஆடவே இல்லை. டெய்லரைப் போன்றவர்களின் வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டியிருந்ததால்தான் இடப்பக்க டாக்கிள் அணியிலேயே அதிகச் சம்பளம் வாங்குபவர்களில் ஒருவராக ஆனார்.

மற்றவர்களைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். ரன்னிங் பேக் குவாட்டர்பேக்குக்குப் பின்னால் நின்று, பந்தை வாங்கி ஓடுபவர். வைடு ரிசீவர்கள் இரண்டு ஓரங்களில் தள்ளி நிற்பார்கள், வேகமாக ஓடிப் பாஸ் பிடிப்பது அவர்கள் வேலை. டைட் எண்ட் லைனை ஒட்டி நிற்பவர். ஒரு முயற்சியில் மறிப்பார், அடுத்ததில் பாஸ் பிடிப்பார்.

தடுக்கும் குழு டிஃபென்ஸ், மூன்று அடுக்காக நிற்கும். முன்னால் டிஃபென்ஸிவ் லைன், அந்த ஐந்து பேரை உடைத்துக்கொண்டு உள்ளே வருபவர்கள். நடுவில் லைன்பேக்கர்கள், ஓடுபவரையும் பிடிக்க வேண்டும், பாஸையும் கவனிக்க வேண்டும். பின்னால் கார்னர்பேக்குகள் ரிசீவர்களை நிழலாகத் தொடர்வார்கள். அவர்களுக்கும் பின்னால் கடைசி அரணாக இரண்டு சேஃப்டிகள். புள்ளிக்கும் இந்த இடத்துக்கும் ஒரே பெயர், குழப்பிக்கொள்ள வேண்டாம். வழக்கமான நான்கு பேரோடு லைன்பேக்கரோ மற்றவரோ சேர்ந்து பாய்ந்தால் அது ப்ளிட்ஸ். சாக் கிடைக்கலாம், ஆனால் பின்னால் ஆள் குறைந்திருக்கும்.

முன்னால் எறிவது ஒரே முறை

ஒரு முயற்சியில் முன்னோக்கி ஒரே ஒரு பாஸ்தான் எறியலாம், அதுவும் ஸ்னாப் நடந்த கோட்டைத் தாண்டும் முன்பு. பின்னோக்கி எத்தனை முறை வேண்டுமானாலும் எறியலாம். ஆரம்பக் காலத்தில் முன்பாஸே கிடையாது. எல்லாரும் கட்டிப்பிடித்து மொத்தமாக மோதியதில் ஆண்டுதோறும் மாணவர்கள் செத்தார்கள். 1905இல் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்கே அழைத்துப் பேசினார். மறு ஆண்டு முன்பாஸ் சட்டமானது. ஆட்கள் மைதானம் முழுக்கப் பரவி ஆடும் இன்றைய ஆட்டம் அங்கிருந்துதான் தொடங்கியது.

பாஸை எதிரணி பிடித்தால் இன்டர்செப்ஷன். ஓடுபவர் கையிலிருந்து பந்து நழுவினால் ஃபம்பிள், யார் எடுக்கிறார்களோ அவர்களுக்கு. பிடிக்கும்போது இரண்டு காலும் கோட்டுக்குள் பட்டிருக்க வேண்டும். ஒரு பாதம் வெளியே போயிற்றா என்று படத்தை மெதுவாக ஓட்டிப் பார்ப்பது இதற்காகத்தான்.

மஞ்சள் கொடியும் கடிகாரமும்

நடுவர் மஞ்சள் துணியை எறிந்தால் யாரோ விதி மீறியிருக்கிறார். இப்போதைக்கு நான்கு போதும். ஸ்னாப்புக்கு முன் ஆஃபென்ஸ் அசைந்தால் ஃபால்ஸ் ஸ்டார்ட், 5 யார்டு. டிஃபென்ஸ் கோட்டைத் தாண்டியிருந்தால் ஆஃப்சைடு, அதுவும் 5. மறிக்கும்போது பிடித்து இழுத்தால் ஹோல்டிங், ஆஃபென்ஸுக்கு 10. பாஸ் வரும் முன்பே ரிசீவரைத் தடுத்தால் பாஸ் இன்டர்ஃபியரன்ஸ், தவறு நடந்த இடத்துக்கே பந்து போகும். 40 யார்டுகூட ஒரே தவறில் போய்விடலாம். பல தவறுகளில் தண்டனை வேண்டாம் என்று எதிரணி மறுக்கலாம், நடந்த ஆட்டமே அவர்களுக்கு லாபமாக இருந்தால் மறுத்துவிடுவார்கள்.

நேரம் 15 நிமிடம் கொண்ட நான்கு பகுதிகள். ஆனால் முழு ஆட்டம் சுமார் மூன்று மணி நேரம் ஓடும். தரையில் விழுந்த பாஸ் கடிகாரத்தை நிறுத்தும். மைதானத்துக்குள்ளேயே வீழ்த்தப்பட்டால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பாதியிலும் ஓர் அணிக்கு மூன்று டைம் அவுட், அதாவது கேட்டுக் கடிகாரத்தை நிறுத்தும் வாய்ப்பு. முன்னிலையில் இருக்கும் அணி ஏன் ஓடிக்கொண்டே இருக்கிறது, பின்தங்கிய அணி ஏன் எறிந்துகொண்டே இருக்கிறது என்பதற்கு விடை இதில்தான்.

எல்லாம் ஒரே இடத்தில் சேரும் ஓர் உதாரணம்

2015 பிப்ரவரி 1, அரிசோனாவின் கிளெண்டேல், 49ஆவது சூப்பர் பௌல், அதாவது என்.எஃப்.எல். இறுதி ஆட்டம். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 28, சியாட்டில் சீஹாக்ஸ் 24. சீஹாக்ஸிடம் பந்து, எதிரணியின் 1 யார்டு கோட்டில், இரண்டாவது டவுன். 26 விநாடி பாக்கி, ஒரே ஒரு டைம் அவுட். நான்கு புள்ளி பின்தங்கியிருப்பதால் ஃபீல்டு கோல் பயன்படாது, டச் டவுன்தான் வேண்டும்.

அவர்களிடம் மார்ஷான் லிஞ்ச் என்ற வலுவான ரன்னிங் பேக் இருந்தார். எல்லாரும் அவர் ஓடுவார் என்று நினைத்தார்கள். ஆனால் ஓடித் தடுக்கப்பட்டால் கடிகாரம் ஓடும், இருக்கும் ஒரே டைம் அவுட்டும் போய்விடும். பாஸ் தவறினால் கடிகாரம் நிற்கும், இன்னும் இரண்டு முயற்சி மிச்சமிருக்கும். கணக்குப்படி பாஸில் நியாயம் இருந்தது. குவாட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன் எறிந்தார். மால்கம் பட்லர் என்ற புதுமுகக் கார்னர்பேக் குறுக்கே பாய்ந்து கோல் கோட்டருகே பந்தைப் பிடித்துவிட்டார்.

அத்தோடு முடியவில்லை. பேட்ரியட்ஸ் இப்போது தங்கள் கோலிலிருந்து ஒரு யார்டு தூரத்தில்தான் நிற்கிறார்கள். வழக்கமாக முன்னிலையில் இருப்பவர்கள் பந்தை வாங்கி மண்டியிட்டு நேரத்தை ஓட்டிவிடுவார்கள். இங்கே மண்டியிட்டால் எண்ட் ஸோனுக்குள் போய் சேஃப்டி ஆகிவிடும். அந்த நேரத்தில் சீஹாக்ஸ் வீரர் ஒருவர் ஸ்னாப்புக்கு முன்பே பாய்ந்துவிட்டார். 5 யார்டு தண்டனை. அந்த 5 யார்டு கிடைத்ததும் மண்டியிட இடம் வந்துவிட்டது, ஆட்டம் முடிந்தது. இணையத்தில் இந்தக் கடைசி நிமிடத்தைத் தேடிப் பாருங்கள். ஒவ்வொரு நொடியும் எதற்காக என்று உங்களால் சொல்ல முடியும்.

எங்கே தொடங்கலாம்

என்.எஃப்.எல். முக்கியமாக ஞாயிறு, அதோடு வியாழன், திங்கள் இரவுகளிலும் உண்டு. 32 அணிகள், ஆளுக்கு 17 ஆட்டங்கள். கல்லூரி ஆட்டம் சனிக்கிழமை. அங்கே பாஸ் பிடிக்கும்போது ஒரு கால் உள்ளே இருந்தால் போதும், யாரும் தொடாமலே முழங்கால் தரையில் பட்டாலும் ஆட்டம் நின்றுவிடும்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு என் சிபாரிசு, வெள்ளிக்கிழமை இரவு பக்கத்து உயர்நிலைப் பள்ளி ஆட்டத்துக்குப் போங்கள். டிக்கெட் மலிவு, கூட்டமும் உள்ளூர்க் கூட்டம். 50 யார்டு கோட்டுக்கு நேராக, மேல் வரிசையில் உட்காருங்கள். கீழே உட்கார்ந்தால் முதுகுகள்தான் தெரியும், மேலிருந்து பார்த்தால் இரண்டு அணிகளும் நிற்கும் அமைப்பு முழுசாகத் தெரியும். முதல் பாதி முழுக்கப் பந்தை விட்டுவிட்டு அந்த ஐந்து பேர் வரிசையை மட்டும் பாருங்கள். இரண்டாம் பாதியில் ஒவ்வொரு ஸ்னாப்புக்கு முன்பும் எத்தனாவது டவுன், எத்தனை யார்டு என்று பார்த்து, ஓட்டமா பாஸா என்று பக்கத்தில் இருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிப் பாருங்கள்.